23 நாள் கணக்கு: மீட்கப்பட்ட எலிகளையும் குட்டிகளையும் பராமரித்த அனுபவம்

ஒரே கூண்டில் மூன்று பெரிய எலிகளும் ஒன்பது குட்டிகளும் இருப்பதாகவும், அன்று இரவே அவற்றை யாராவது ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்றும் விலங்கு மீட்பில் ஈடுபட்டிருக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொன்னபோது, குட்டிகள் பிறந்து எத்தனை நாளாயிற்று என்பதுதான் நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி. நான் கேட்டதோ, கடிக்குமா என்று. எலி வளர்த்த பழக்கம் எனக்கு ஏற்கெனவே உண்டு. அப்போதும் வீட்டில் இரண்டு பெண் எலிகள் இருந்தன. ஆனால் நன்றாகப் பழகிய, நலமான, ஒரே பாலைச் சேர்ந்த இரண்டு எலிகளை வளர்ப்பதற்கும், யாரோ கைவிட்ட எலிகளைக் குட்டிகளோடு ஏற்றுக்கொண்டு சில வாரங்களில் வேறு வீடுகளுக்கு அனுப்பி வைப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அடுத்த பதினொரு வாரங்களில்தான் தெரிந்துகொண்டேன்.

இப்படிப்பட்ட கூண்டுகள் உருவாவதற்குப் பெரும்பாலும் கொடுமை காரணமாக இருப்பதில்லை. கணக்குப் பிழைதான் காரணம். இரண்டும் பெண் என்று சொல்லி விற்கப்பட்டவற்றில் ஒன்று ஆணாக இருந்துவிடும். பெண் எலி நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும்; சினைக்காலம் 21 முதல் 23 நாட்கள்; ஓர் ஈற்றில் எட்டு முதல் பன்னிரண்டு குட்டிகள் பிறப்பது இயல்பு. அந்தக் குட்டிகளே ஐந்து வாரங்களில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். இதற்கெல்லாம் மேலாக, குட்டி ஈன்ற 24 மணி நேரத்துக்குள் தாய் மீண்டும் பருவத்துக்கு வந்துவிடுகிறது. ஆண் எலி அதே கூண்டில் இருந்தால் ஒரு ஈற்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்ததைச் சுமக்கத் தொடங்கிவிடும். கூண்டு வந்து சேர்ந்த இரவில், அழுக்கேறிய துணிக்குவியலின் நடுவே ஒன்பது குட்டிகளையும் அணைத்தபடி ஒரு கறுப்புத் தலைப் பெண் எலி படுத்திருந்ததையும், அவளுக்கு இரண்டடி தள்ளி ஒரு பருத்த ஆண் எலி நிம்மதியாக முகம் கழுவிக்கொண்டிருந்ததையும் பார்த்தபோது, என் மனம் முதலில் அந்தக் கணக்கைத்தான் போட்டது.

எனவே உணவு, குளியல், படுக்கை எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, வாசலிலேயே பிரித்தேன். வளர்ந்த ஆணை அடையாளம் காண்பதில் சிரமமே இல்லை. வாலடியில் விரைகள் பெரிதாகத் தெரியும். அவனைத் தடியன் என்று அழைக்கத் தொடங்கினேன். நெஞ்சின் கீழ் ஒரு கையும் பின்னங்கால்களின் கீழ் இன்னொரு கையுமாகத் தாங்கித் தூக்கினேன். வாலைப் பிடித்துத் தூக்குவது பலருக்கும் கைவந்த வழக்கம். ஆனால் எலி திமிறினால் வாலின் தோல் உறைபோலக் கழன்று வந்துவிடக்கூடும், அப்படிக் கழன்ற பகுதி மறுபடி வளராது. மற்றொரு பெண் எலி பழுப்பு நிறம்; கூண்டின் மூலையில் மண்நிறக் கட்டிபோல உறைந்து கிடந்தாள். அவளுக்குப் புழுதி என்று பெயர். அவளும் தடியனோடு இருந்தவள் என்பதால், சினை இல்லை என்று தெரியும்வரை அவளுக்கும் தனிக் கூண்டு தேவைப்பட்டது. தனிமை எலிகளுக்கு ஆகாது. ஆகவே அவளுடைய கூண்டைத் தாயின் பெட்டிக்கு அருகிலேயே, ஒருவர் வாசனை மற்றவருக்குத் தெரியும்படி வைத்தேன்.

தாயை, மசிக்கறை படிந்தது போன்ற அந்தத் தலைக்காக, மசி என்று அழைத்தேன். அவளைக் குட்டிகளோடு மாற்றும்போது பழைய துணிக்குவியலில் பாதியை அப்படியே புதிய பெட்டிக்குள் வைத்தேன். நாற்றமடிக்கிறது என்று முழுவதையும் எறிந்துவிடத் தோன்றும். அந்த நாற்றம்தான் அவளுக்கு வீடு. கம்பிக் கூண்டைவிட, பக்கங்கள் மூடிய, மேல்மூடியில் வலை வைத்த பெரிய பிளாஸ்டிக் பெட்டியே பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்றது. காற்றடிப்பு குறையும், குட்டிகளும் வெளியே உருளாது. அடியில் காகிதத் துணுக்குகளைப் பரப்பினேன். பைன், தேவதாரு போன்ற மரங்களின் சீவல்களில் இருக்கும் ஃபீனால்கள் எலிகளின் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் தீங்கு செய்பவை. மணமாக இருக்கிறதே என்று அவற்றை வாங்கிப் போடக்கூடாது.

என் சொந்த எலிகள் இருந்த அறைக்கும் இவற்றின் அறைக்கும் இடையே இரண்டு கதவுகள். புதிதாக வந்தவற்றைக் குறைந்தது இரண்டு வாரங்கள் தனிக் காற்றுவெளியில் வைத்திருப்பது கட்டாயம். எலிகளுக்கிடையே காற்று வழியாகவே பரவும் வைரஸ்கள் உண்டு. கூண்டுகளை அறையின் எதிரெதிர் மூலைகளில் வைத்தால் போதும் என்று நினைப்பது ஏமாற்று வேலை. நாள்தோறும் முதலில் என் எலிகளைக் கவனித்துவிட்டு, பிறகு இவற்றிடம் போவேன். திரும்பி வந்ததும் கைகளை முழங்கைவரை கழுவி, சட்டையை மாற்றுவேன். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் தடியன் மூன்றாம் நாளிலேயே தும்மத் தொடங்கியபோது அந்தச் சலிப்பு போய்விட்டது.

அவன் தும்மிய இடத்தில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன; மூக்கைச் சுற்றியும் கண்ணோரத்திலும் காய்ந்த இரத்தம்போல ஏதோ ஒட்டியிருந்தது. முதன்முறை பார்ப்பவர் அலறிவிடுவார். அது இரத்தம் அல்ல. கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பி ஒன்றிலிருந்து வரும் போர்ஃபிரின் என்னும் சிவப்பு நிறச் சுரப்பு. அதிர்ச்சி, இடமாற்றம், நோய் எதுவானாலும் அது கூடுதலாக வடியும். இடம் மாறிய சில நாட்களுக்குத் தும்மல் இருப்பது சாதாரணம்; ஆனால் மூச்சு விடும்போது விலா ஆழமாக ஒடுங்கினாலோ, காதருகே வைத்துக் கேட்டால் நெஞ்சில் கரகரப்புச் சத்தம் வந்தாலோ தாமதிக்கக்கூடாது. வளர்ப்பு எலிகளில் மிகப் பெரும்பாலானவை மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரைச் சுமந்துகொண்டுதான் வாழ்கின்றன. சிறுநீரின் அம்மோனியா நெடி தேங்கிய கூண்டு அதைத் தூண்டிவிடும். தடியனுக்குக் கரகரப்பு இருந்தது.

கால்நடை மருத்துவர்களில் எலியைப் பார்ப்பவர்கள் குறைவு. ஆகவே நோய் வந்தபின் தேடாமல், எலிகள் வந்த மறுநாளே யாரிடம் போவது என்று விசாரித்து வைத்திருந்தேன். அங்கே மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி என் கேள்வியைவிட நல்ல கேள்வியாக இருந்தது: "ஆண் எலியை என்றைக்குப் பிரித்தீர்கள்?" தடியனுக்கு ஆண்டிபயாடிக் கொடுத்தார். மூன்று பெரிய எலிகளின் கழுத்து முடியிலும் பேன் இருந்ததால் அதற்கும் மருந்து கொடுத்தார். மசிக்கு மட்டும், பால் கொடுப்பவள் என்பதைக் கருதி, மருந்தைத் தனியாக யோசித்துத் தேர்ந்தெடுத்தார். எலிகளுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் சில ஆண்டிபயாடிக்குகள் சினையாக இருப்பவற்றுக்கும் வளரும் குட்டிகளுக்கும் ஏற்றவை அல்ல. ஆகையால் முன்பு வேறோர் எலிக்கு வாங்கிய மருந்து மிச்சமிருக்கிறதே என்று கொடுத்துவிடக்கூடாது. சினையாக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

குட்டிகளைப் பற்றிச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. பிறந்த எலிக்குட்டி ஐந்தாறு கிராம் இருக்கும். கண்ணும் காதும் மூடியிருக்கும். உடலில் முடி இராது. தோல் மிக மெல்லியதாக இருப்பதால் குடித்த பால் வயிற்றின் இடப்பக்கத்தில் வெள்ளைப் பட்டையாக வெளியே தெரியும். குட்டிகள் நன்றாக இருக்கின்றனவா என்பதை அறிய இந்தப் பட்டையைவிட நேர்மையான சாட்சி கிடையாது. மசியின் குட்டிகளுக்குத் தோலின் அடியில் நிறத்தின் நிழல் படரத் தொடங்கியிருந்தது. யாருக்குத் தலை கறுக்கும், யாருக்கு முதுகில் கோடு வரும் என்று வரைபடம்போலத் தெரிந்தது. முடி இன்னும் முளைக்கவில்லை. இவற்றை வைத்து, வந்த நாளில் அவற்றின் வயது மூன்று நாள் என்று மருத்துவர் கணித்தார். அந்த எண்ணை நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதினேன். பின்னர் செய்த ஒவ்வொரு வேலைக்கும் அதுதான் அடிப்படை.

தினமும் ஒருமுறை, மசியை ஒரு துண்டு அவித்த முட்டையைக் காட்டி வெளியே அழைத்து, அவள் பார்வைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, கைகளைப் பெட்டியின் படுக்கையில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு குட்டிகளைத் தொடுவேன். எல்லாக் குட்டிகளையும் எண்ணுவேன், பட்டையைப் பார்ப்பேன், சமையல் தராசில் ஒவ்வொன்றாக நிறுப்பேன். மொத்தமே ஐந்து நிமிடம். பழகிய தாயானால் இதற்குச் சினம் கொள்வதில்லை; மிரண்ட தாயானால் முதல் சில நாட்களுக்குத் தள்ளியே நிற்பது நல்லது. முதல் வாரத்திலேயே எடை இரட்டிப்பாகும். ஏழாம் நாளுக்குள் வெல்வெட் போன்ற முடி தெரியும். இரண்டு வாரம் ஆகும்போது கண் திறக்கும். பால் கொடுக்கும் தாய்க்கு உணவும் நீரும் அளவில்லாமல் இருக்க வேண்டும், புரதமும் கூடுதலாக வேண்டும். மசி தன் வழக்கமான உணவைப் போல இரண்டு மடங்கு தின்றாள். நான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமைக்கான விலையைப் பிறகு சொல்கிறேன்.

ஆண், பெண் பிரித்தறிவது எல்லாவற்றிலும் முக்கியமான வேலை. பிறந்த குட்டியில் ஆணுக்குப் பிறப்புறுப்புக்கும் மலவாய்க்கும் இடையிலான இடைவெளி பெண்ணைவிட அதிகம். ஆனால் ஒற்றைக் குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதிகமா குறைவா என்று சொல்ல முடியாது. இரண்டு குட்டிகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட வேண்டும். அதைவிட உறுதியான வழி, பிறந்து ஒன்பது பத்து நாட்கள் ஆகும்போது பார்ப்பது: பெண் குட்டிகளின் வயிற்றில் ஆறு இணை முலைக்காம்புகள் சிறிய வெளிர் புள்ளிகளாகத் தெரியும்; ஆண்களுக்கு அவை இல்லை. வயிற்று முடி அடர்ந்துவிட்டால் இந்த வாய்ப்பு மறைந்துவிடும். பத்தாம் நாள் காலை சன்னல் வெளிச்சத்தில் ஒன்பது வயிறுகளையும் பார்த்து, ஐந்து பெண், நான்கு ஆண் என்று எழுதி, ஒவ்வொன்றின் முதுகுக் குறியையும் படமாக வரைந்துகொண்டேன். ஐந்தாம் வார முடிவுக்குள் ஆண் குட்டிகளைத் தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் பிரித்துவிட வேண்டும். இன்னும் சின்னதாகத்தானே இருக்கிறது என்ற இரக்கம் இந்த இடத்தில் எதற்கும் உதவாது.

பதினாறாம் நாள் நான் ஒரு தவறு செய்தேன். கண் திறந்த குட்டிகள் பெட்டிக்குள் துள்ளத் தொடங்கியிருந்தன. இடம் போதவில்லை என்று இரக்கப்பட்டு, அவற்றை மசியோடு என் பழைய பெரிய கம்பிக் கூண்டுக்கு மாற்றினேன். பெரிய எலிகளுக்கு வாங்கிய அந்தக் கூண்டின் கம்பிகளுக்கு இடையே இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து எண்ணியபோது எட்டுதான் இருந்தன. தலை நுழையும் இடத்தில் எலியின் உடல் நுழைந்துவிடும். குட்டிகளுக்கு இடைவெளி ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த செய்திதான். அறையின் கதவைச் சாத்தி, கதவின் அடியில் துண்டைச் செருகிவிட்டு, தரையில் படுத்துத் தேடினேன். எந்தச் சத்தமும் இல்லை. அப்போதுதான் மசியைக் கவனித்தேன். அவள் கூண்டின் ஒரு பக்கத்தில் பின்னங்கால்களில் எழுந்து நின்று, புத்தக அலமாரியை நோக்கிக் காதுகளை விறைத்து, தலையை இப்படியும் அப்படியும் சிறிது சிறிதாக அசைத்துக்கொண்டிருந்தாள். தாயைப் பிரிந்த எலிக்குட்டி எழுப்பும் ஒலி 40 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருப்பது. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. எனக்கு அமைதியாக இருந்த அந்த அறை அவளுக்கு அலறலாக இருந்திருக்கிறது. அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து புத்தகங்களை எடுத்தபோது, பின்சுவரோடு ஒட்டி, ஒரு கைப்பிடி பஞ்சுபோல அது நடுங்கிக்கொண்டிருந்தது. கொண்டுபோய் விட்டதும் மசி அதைப் பிடரியில் கவ்வி, கூட்டுக்குள் திணித்து, அரை மணி நேரம் விடாமல் நக்கினாள். மறுநிமிடமே எல்லோரும் பெட்டிக்குத் திரும்பினார்கள்.

இதற்கிடையே புழுதி. அவள் என்னை இரண்டாம் நாளே கடித்திருந்தாள், ஆழமான கடி. பயந்த எலி கடிப்பதில் வியப்பில்லை. மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்துதான். காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அன்றே மனித மருத்துவரிடம் காட்டினேன். எலிக்கடிக் காய்ச்சல் என்னும் பாக்டீரியா நோய் பெரும்பாலும் மூன்று முதல் பத்து நாட்களுக்குள் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு என்று வெளிப்படலாம். அப்படி வந்தால் எலி கடித்த செய்தியை நாமே முந்திக்கொண்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அவராகக் கேட்கமாட்டார். 2017இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் வளர்ப்பு எலிகள் வழியாகச் சியோல் வைரஸ் மனிதர்களுக்குப் பரவியது. இவற்றைச் சொல்வது பயமுறுத்த அல்ல. எங்கிருந்து வந்தவை என்று தெரியாத எலிகளின் கூண்டைச் சுத்தம் செய்யும்போது தூசி கிளம்பாமல் முதலில் ஈரப்படுத்துவதும், கையுறை போடுவதும், அந்த அறையில் எதையும் தின்னாமல் இருப்பதும் வீண் ஆடம்பரம் இல்லை என்பதற்காகவே.

கையால் புழுதியைத் தொடும் முயற்சியைக் கைவிட்டு, நீண்ட காம்புள்ள கரண்டியை எடுத்தேன். இனிப்பில்லாத தயிரை அதன் நுனியில் தடவி, கம்பி வழியாக நீட்டி, அசையாமல் பிடித்திருப்பேன். தின்பண்டத்தைத் துண்டாகக் கொடுத்தால் பிடுங்கிக்கொண்டு மூலைக்கு ஓடிவிடும். தயிரையோ அங்கேயே நின்று நக்கித்தான் ஆக வேண்டும். முதல் நான்கு நாட்கள் வரவில்லை. ஐந்தாம் நாள் கழுத்தை மட்டும் நீட்டினாள். பத்தாம் நாள் கரண்டியின் காம்பைக் குறுக்கிப் பிடித்தேன். மூன்றாவது வாரத்தில் தயிர் என் விரல் முட்டியில் இருந்தது. ஒருநாள் அவள் நக்கி முடித்தபின்னும் போகவில்லை.

தடியனைப் பிரித்ததிலிருந்து 23 நாட்கள் முடிந்த இரவு, நோட்டில் ஒரு பெரிய கோடு போட்டேன். புழுதியின் வயிறு தட்டையாகவே இருந்தது, மசியும் ஈனவில்லை. தப்பித்தோம் என்று நண்பருக்குச் செய்தி அனுப்பினேன். 25ஆம் நாள் காலை மூடியைத் திறந்தபோது, 28 நாள் வயதான ஒன்பது குட்டிகளும் பெட்டியின் ஒரு பக்கத்தில் திகைத்துக் குவிந்திருந்தன; மறுபக்கத்தில், நறுக்கிய காகிதத்தாலும் என் பழைய காலுறையாலும் கட்டிய புதுக் கூட்டில், மசி இரத்தம் தோய்ந்த முகத்தோடு இளஞ்சிவப்புக் குட்டி ஒன்றை நக்கிக்கொண்டிருந்தாள்.

23 நாள் கணக்கு, பால் கொடுக்காத எலிக்கு உரியது. ஈன்ற உடனே மீண்டும் சினையான தாய், முந்தைய குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, புதிய கருக்கள் கருப்பைச் சுவரில் பதியாமல் சில நாட்கள் காத்திருக்கும். அதனால் ஈற்று ஒரு வாரமளவுக்குத் தள்ளிப்போகலாம். இதை நான் படித்திருக்கவில்லை. ஆனால் படிக்காததைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. நான் நாள்தோறும் மசியையும் நிறுத்து எழுதியிருந்தேன். புரட்டிப் பார்த்தேன்: 281, 279, 284, பிறகு 296, 311, 329. குட்டிகள் திட உணவைக் கொறிக்கத் தொடங்கி, பால் தேவை குறைந்துகொண்டிருந்த நாட்களில் தாயின் எடை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நானே எழுதியும் வைத்திருந்தேன். ஆகவே இந்த நிலையில் யாரேனும் இருந்தால், ஆணைப் பிரித்த நாளிலிருந்து குறைந்தது 30 நாட்களாவது காத்திருங்கள். கணக்கைவிடத் தராசை நம்புங்கள்.

அன்று செய்ய வேண்டியவை தானாகவே வரிசையில் நின்றன. பெரிய குட்டிகள் அங்கேயே இருந்தால் புதியவற்றை இடித்துத் தள்ளிப் பாலைக் குடித்துவிடும். நான்கு வாரம் நிரம்பி, தாமாகவே உண்ணத் தெரிந்தவை என்பதால் அவற்றைப் பிரிக்க முடிந்தது. சினை இல்லை என்று உறுதியாகிவிட்ட புழுதியோடு ஐந்து பெண் குட்டிகளை, அவளுக்குப் பழக்கமில்லாத பொது இடத்தில் சந்திக்க வைத்து, இரண்டு நாள் கவனித்துவிட்டு ஒரே கூண்டில் விட்டேன். ஒரு மாதமாகத் தனியே இருந்தவள் அவற்றைத் தன் வயிற்றின் கீழ் வாரிக்கொண்டாள். நான்கு ஆண்களுக்குத் தனிக் கூண்டு. தடியனோடு அவற்றை ஏழாவது வாரத்தில்தான், ஓடி ஒளியும் அளவுக்கு வளர்ந்தபின் சேர்த்தேன்.

புதிய ஈற்றில் எட்டு. ஒன்று இறந்தே பிறந்திருந்தது. மீதி ஏழில் இரண்டுக்கு மறுநாள் காலை பால் பட்டை இல்லை. தொட்டால் குளிர்ந்திருந்தன. நான் பதறிப்போய், பூனைக்குட்டிகளுக்கான பால்மாவைக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் ஒன்றுக்குப் புகட்டினேன். ஒரு துளி கூடுதலாக விழுந்தது. மூக்கின் வழியே வெள்ளையாகக் குமிழ் வந்தது. அன்று மாலை அது இறந்துவிட்டது. இரண்டு பிழைகள்: குளிர்ந்த குட்டியின் குடல் வேலை செய்யாது, ஆகவே எதையும் புகட்டுமுன் உள்ளங்கையிலோ துணி சுற்றிய வெந்நீர்ப் பையிலோ மெல்ல வெதுவெதுப்பாக்க வேண்டும், பாலைப் பீய்ச்சக்கூடாது, மெல்லிய ஓவியத் தூரிகையின் நுனியில் தோய்த்து உதட்டில் வைத்து, அதுவாக நக்கும்வரை காத்திருக்க வேண்டும், உடல் குப்புற இருக்க வேண்டும், மல்லாக்க அல்ல. தாயே இல்லாத குட்டிகளுக்கு இதை இரவு பகலாக இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை செய்து, ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவிச் சிறுநீரும் மலமும் கழிக்க வைக்க வேண்டும். அப்படிச் செய்தும் பல பிழைப்பதில்லை. பால் கொடுக்கும் வேறொரு தாய் எலி கிடைத்தால், அதனிடம் விடுவது எந்த மனிதக் கையைவிடவும் மேல்.

இரண்டாவது குட்டிக்கு நான் புகட்டவே இல்லை. அது நான்கு கிராம். தராசு மூன்றுக்கும் நான்குக்கும் இடையே தடுமாறியது. அதைக் கையில் வைத்து வெதுவெதுப்பாக்கிவிட்டு, கொழுத்த ஐந்தையும் கூட்டிலிருந்து எடுத்து, வெந்நீர்ப் பையின் மேல் துணி விரித்த கிண்ணத்தில் வைத்தேன். மசியிடம் இந்த ஒன்று மட்டும். பன்னிரண்டு காம்புகளும் அதற்கு மட்டும் என்ற நிலையிலும் அது இரண்டு முறை தவறவிட்டது. மூன்றாம் முறை பற்றியது. இருபது நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தபோது, இடப்பக்கத்தில் நூலிழை அகலத்தில் வெள்ளை தெரிந்தது. நாளுக்கு நான்கு முறை, ஐந்து நாட்கள், இதே வேலை. அதற்குத் துளி என்று பெயர் வந்தது அப்போதுதான்.

தத்துக்கொடுப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாருக்கும் ஒற்றை எலியைக் கொடுக்கவில்லை; ஒரே பாலைச் சேர்ந்த இரண்டோ மூன்றோதான். ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகள் என்பதையும், பெண் எலிகளுக்குப் பால் சுரப்பிக் கட்டிகள் அடிக்கடி வருவதையும், மருத்துவச் செலவு எலியின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும் என்பதையும் முதல் உரையாடலிலேயே சொன்னேன். அத்தோடு சிலர் நின்றுவிட்டார்கள், அதுவும் நல்லதே. பாம்புக்கு உணவாக வாங்குவோரும் குட்டிகளைக் கேட்டு வருவதுண்டு என்பதால், ஒவ்வொருவரிடமும் கூண்டின் படத்தைக் கேட்டேன். தடியனைப் பெண் எலிகள் உள்ள வீட்டுக்குக் கேட்டவரிடம், கருத்தடை அறுவை செய்த பிறகும் குறைந்தது மூன்று நான்கு வாரங்கள் தனியே வைக்க வேண்டும், உடலில் தங்கிய விந்தணுக்கள் அதுவரை செயல்படும் என்று விளக்கினேன். எலிகளுக்கு வாந்தி எடுக்க இயலாது. ஆகவே அறுவைக்கு முன் இரவு முழுவதும் பட்டினி போட வேண்டியதில்லை என்பதையும் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளச் சொன்னேன். கடைசியில் அவன் தன் மகன்களில் இரண்டு பேரோடு வேறொரு வீட்டுக்குப் போனான். மசி இரண்டாம் ஈற்றின் மகள்களில் ஒருத்தியோடு போனாள்.

புழுதியை நான் அனுப்பவில்லை. அது தீர்மானித்துச் செய்ததல்ல. அவளைப் பற்றி யாருக்கும் சொல்லாமலே நாட்களைக் கடத்தினேன். இப்போது அவள் மாலை வேளையில் என் முழங்கையின் மடிப்பில் படுத்து, பற்களை நறநறவென்று மெல்ல அரைப்பாள். அந்தத் தாடை அசைவில் கண்கள் வெளியே பிதுங்கிப் பிதுங்கி உள்ளே போகும். முதன்முறை பார்ப்பவர்கள் வலிப்பு என்று பயப்படுகிறார்கள். எலி மன நிறைவோடு இருக்கும்போதும் இப்படிச் செய்யும்.

துளி தன் சகோதரி ஒருத்தியோடு ஏழாவது வாரத்தில் கிளம்பினாள். போகும் முன் கடைசியாக நிறுத்துவிடலாம் என்று தராசை எடுத்தேன். தட்டில் நிற்கவே மாட்டேன் என்றாள்; ஏறினாள், இறங்கினாள், என் சட்டைக் கைக்குள் புகுந்தாள். கடைசியில் ஒரு கிண்ணத்துக்குள் முட்டைத் துண்டைப் போட்டு, அவள் அதைத் தின்னும் நேரத்தில் நிறுத்து, கிண்ணத்தையும் முட்டையையும் கழித்து எழுதினேன்: 148 கிராம்.